வீட்டுக்கு வருகிற ஆளுக்கும் சேர்த்துக் கொடுங்கள்: அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம்.

மக்களின் சுகாதாரத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் நிதி தரும் அறக்கட்டளைகளில் இருந்துகொண்டு, எதற்குக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை நாளைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்கிற எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நான் உங்களிடம் விண்ணப்பிக்கிற பக்கத்தில் இருப்பவள். 19 வருடமாகச் சிறிய தொண்டு அமைப்புகளில் வேலை. முதல் எட்டு வருடம் வீடு வீடாகப் போகிற களப்பணியாளர், அப்புறம் மேற்பார்வையாளர். இப்போது என் நாளில் பாதி உங்களுக்கு அறிக்கை எழுதுவதிலேயே போய்விடுகிறது. உங்கள் நிதியால் பிழைத்த குழந்தைகளை எனக்குத் தெரியும். படித்து வேலைக்குப் போன பெண்களைத் தெரியும். அந்த நன்றி மனதில் இருப்பதால்தான் இவ்வளவு உரிமை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பொருள் வாங்கக் கேட்டால் தருகிறீர்கள். கட்டடம், கணினி, மருந்து, புத்தகப்பை என்றால் கையெழுத்து சீக்கிரம் விழுகிறது. அந்த மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளுக்குச் சம்பளம் கேட்டால், ‘நிர்வாகச் செலவு அதிகமாக இருக்கிறதே’ என்று கேள்வி வருகிறது. அதையும் தாண்டிச் சம்மதித்தால், ஓராண்டுக்கு. மிஞ்சினால் ஒன்றரை ஆண்டுக்கு.

நான் களப்பணியாளராக இருந்தபோது என் பையில் ஒரு நாடா இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் மேற்கையைச் சுற்றி அளந்து, சத்துக்குறைவைக் கண்டுபிடிக்கிற நாடா. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். 125 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மஞ்சள், 115-க்குக் கீழே சிவப்பு. சிவப்பு வந்துவிட்டால் அந்தக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய கருவி. செலவு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்த நாடாவை ஒரு குழந்தையின் கையில் சுற்றுவதற்கு முன்னால் கதவு திறக்க வேண்டும். ஒரு வீட்டில் நான் முதல் முறை போனபோது, அந்த அம்மா கதவைப் பாதி திறந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘எல்லாரும் நல்லா இருக்கோம்’ என்று சொல்லி மூடிவிட்டார். இரண்டாம் முறை ஆள் இருந்தும் கதவே திறக்கவில்லை. மூன்றாம் முறை, ‘உங்களுக்கு இதுல என்ன கிடைக்குது?’ என்று கேட்டார். சம்பளம் கிடைக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். ஐந்தாம் முறை போனபோது, நான் நாடாவை எடுப்பதற்கு முன்பே குழந்தையின் சட்டைக் கையை அவரே மேலே தள்ளிவிட்டார். மஞ்சள். குழந்தை இளைத்துக்கொண்டே போவது அவருக்கு வாரக்கணக்கில் தெரிந்திருக்கிறது. யாரிடம் சொல்வது, சொன்னால் திட்டுவார்களோ என்ற பயத்தில் மறைத்து வைத்திருந்தார்.

அந்த நிதி 14 மாதத்துக்கானது. ஆள் எடுக்கவும் பயிற்சி கொடுக்கவும் முதல் நான்கு மாதம் போயிற்று. கடைசி இரண்டு மாதம் அறிக்கை, தணிக்கை, கணக்கு ஒப்படைப்பு. மக்களோடு இருந்தது எட்டு மாதம். அதில் கதவு திறக்கவே இரண்டு மாதம். குழந்தை மஞ்சளிலிருந்து மெல்ல மேலே வந்துகொண்டிருந்தபோது, நிதி தந்த அறக்கட்டளை தன் ‘முன்னுரிமைத் துறைகள்’ மாறிவிட்டன என்று கடிதம் அனுப்பியது. விடைபெறப் போனபோது அந்த அம்மா, ‘அப்போ அடுத்த வாரம் யாரு வருவாங்க?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருடம் கழித்து வேறொரு நிதியில் அதே தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் கதவுகள் முன்பைவிட மெதுவாகத்தான் திறந்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்பி ஒருமுறை ஏமாந்தவர்கள்.

உங்கள் அறிக்கைப் படிவத்தில் ‘அளக்கப்பட்ட குழந்தைகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. கதவு திறந்ததை எழுத எந்தக் கட்டமும் இல்லை.

இது என் அனுபவம் மட்டும்தானே என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் கொண்டாடுகிற சுகாதார வெற்றிகளை எடுத்துப் பார்த்தாலும் இதே கதைதான். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை எடுத்துக்கொள்வோம். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு–சர்க்கரைக் கரைசலை வாய்வழியாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1978-ல் லான்செட் மருத்துவ இதழ், இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்றே எழுதிவிட்டது. மருந்து கண்டுபிடித்தாயிற்று, விலையும் மிகக் குறைவு, நிரூபணமும் கையில் இருக்கிறது. அப்புறம் என்ன, தானாகப் பரவியிருக்க வேண்டுமே? பரவவில்லை.

அதை வீடுகளுக்குள் கொண்டுபோனது வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு. 1980-ல் தொடங்கி 1990 வரை பத்து வருடம், பெண் பணியாளர்கள் குழுக்களாக ஊர் ஊராகப் போய், வீட்டுக்குள் உட்கார்ந்து, தாயையே கரைசல் கலக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர், அதாவது கிட்டத்தட்ட அரை லிட்டர், தண்ணீர். ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். இந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆரம்பத்தில் நடந்த ஒன்று. சொல்லிக்கொடுத்த பிறகும் பல வீடுகளில் கரைசலை யாரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்ததும், ஏன் என்று அவர்கள் தோண்டிப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுக்கப் போன பணியாளர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை; தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரைதான் வாங்கினார்கள். உடனே அந்தப் பணியாளர்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போய், கரைசல் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். வீட்டு ஆண்கள் தயங்குகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்களிடம் பேசத் தனி ஆட்களை அனுப்பினார்கள். சில வாரம் கழித்து வேறொருவர் போய், தாய்மார் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று சோதித்தார். பணியாளரின் ஊதியமே அதைப் பொறுத்திருந்தது.

இந்த ஊதிய முறையை அப்படியே எல்லா இடத்துக்கும் நான் சிபாரிசு செய்யவில்லை. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும், சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியம் தர வேண்டும், ஊக்கத்தொகையை மட்டுமே நம்பி அவர்களை விடக்கூடாது என்றுதான் சொல்கிறது. நான் சொல்ல வருவது, தவறு எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள பிராக்குக்கு நாள் இருந்தது. 14 மாத நிதியில் அந்தத் திட்டம் நடந்திருந்தால், ‘தாய்மாருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று அறிக்கை அனுப்பிவிட்டு மூட்டை கட்டியிருப்பார்கள். வீட்டுக்குள் பிள்ளைகள் செத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

நாள் என்றதும் நரம்புச் சிலந்தி நினைவுக்கு வருகிறது. அசுத்தத் தண்ணீரைக் குடித்து, ஓராண்டு கழித்துக் கால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் நீளமான புழு. அதற்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்வதும், புழு வெளிவந்துகொண்டிருக்கும் ஆள் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வதும்தான் வழி. 1986-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் 35 லட்சம் பேருக்கு இருந்ததாகக் கணக்கிட்டார்கள். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொடங்கிய கார்ட்டர் மையம் முன்னின்று நடத்திய இயக்கத்தில், ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாகத் தெருத்தெருவாகக் கண்காணித்தார்கள். 2024-ல் உலகம் முழுவதும் 15 பேர். கிட்டத்தட்ட நாற்பது வருட வேலை இது. யோசித்துப் பாருங்கள்: இன்று ஒருவர் தண்ணீரை வடிகட்டிக் குடித்தாரா இல்லையா என்பது அடுத்த வருடம்தான் தெரியும். ஓராண்டு நிதி கொடுத்தவர் அந்தப் பலனைப் பார்க்கவே முடியாது.

இன்னொரு சிக்கல், சுகாதாரத்தையும் கல்வியையும் நீங்கள் தனித்தனி அலமாரியில் வைத்திருப்பது. எங்கள் மாலை நேர வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஒன்பது வயது. வாய்விட்டுச் சொன்னால் எல்லாம் புரியும், பலகையில் எழுதினால் ஒன்றும் வராது. மந்தம் என்று பள்ளியில் முத்திரை குத்தியாகிவிட்டது. எங்கள் ஆசிரியை ஒருநாள் பலகையைவிட்டு நகர்ந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை நீட்டினார். அவன் அதை மூக்குக்கு மிக அருகே கொண்டுபோய், எழுத்துக் கூட்டி வாசித்தான். கண்தான் கோளாறு. சரி, கண்ணாடி வாங்கிவிடலாம் என்று கணக்கைப் பார்த்தால், கல்வி நிதியில் ஆசிரியர் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் மட்டும்தான் அனுமதி. சுகாதார நிதியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்தான். தலைப்பு மாற்றிச் செலவு செய்ய அனுமதி கேட்டு எழுதினோம். பதில் வர ஏழு வாரம் ஆனது, பதில் ‘இயலாது’. அதற்குள் அந்த ஆசிரியை தன் பணத்தில் வாங்கிக் கொடுத்திருந்தார். கண்ணாடி போட்ட அன்று அவன் பலகையைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

படிப்பும் உடம்பும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பது அறக்கட்டளை உலகத்துக்குப் புதிதல்ல. 1909-ல் அமெரிக்க எண்ணெய்த் தொழிலதிபர் ஜான் டி. ராக்ஃபெல்லர் கொடுத்த 10 லட்சம் டாலரில், அமெரிக்காவின் தென் மாநிலங்கள் 11-ல் குடலில் இருந்து இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவை ஒழிக்கும் வேலை ஐந்து வருடம் நடந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்கு அந்தப் புழு இருந்தது. அதுவரை சோம்பேறிகள் என்று பழிக்கப்பட்டவர்கள் உண்மையில் இரத்தச்சோகையில் வாடியவர்கள். பொருளாதார அறிஞர் ஹோய்ட் பிளீக்லி பழைய பதிவுகளை அலசி 2007-ல் எழுதினார்: புழு அதிகம் இருந்த பகுதிகளில்தான், அந்த வேலைக்குப் பிறகு பள்ளிக்கு வருவதும் எழுத்தறிவும் கூடுதலாக உயர்ந்தன. அந்தப் பணத்தை நீங்கள் எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? ஒரு பிள்ளைக்கு எது தேவை என்று கண்டுபிடித்த ஆளுக்கு, அதைச் செய்யவும் கொஞ்சம் சுதந்திரம் கொடுங்கள். மொத்த நிதியில் ஒரு சிறு பங்கையாவது தலைப்பு போடாமல் விட்டுவையுங்கள்.

பணத்தைத் தலைப்பு போடாமல் கொடுத்தால் கையாடல் நடக்காதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொண்டு என்ற பெயரில் ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் எங்களுக்கும்தான் தலைகுனிவு. கணக்கைக் கேளுங்கள், முன்னறிவிப்பு இல்லாமல் வாருங்கள், எங்கள் பதிவேட்டில் இருக்கிற வீட்டுக்கு நேரே போய் விசாரியுங்கள். இதில் எதற்கும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரே செலவுக்கு நான்கு அறக்கட்டளைகள் நான்கு விதமான படிவம் கேட்கும்போது, குழந்தைகளைப் பார்க்க வேண்டிய ஆள் இரவு முழுக்கக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார். அதில் நேர்மை கூடுவதில்லை. ஏமாற்ற நினைப்பவருக்குப் படிவம் நிரப்புவது கைவந்த கலை. திணறுவது வேலை செய்கிறவர்தான். நீங்கள் நான்கு பேரும் கூடிப் பேசி ஒரே படிவம் வைத்தால் போதும். எங்களைப் போன்ற சிறிய அமைப்பில் ஒரு களப்பணியாளரின் நேரம் மிஞ்சும்.

முடியாததைக் கேட்கவில்லை நான். 2016-ல் ஃபோர்டு அறக்கட்டளை, 100 கோடி டாலரை ஒதுக்கி, அமைப்புகளுக்கு ஐந்தாண்டு நிதியாக, அவர்கள் வலுப்பெறத் தேவையானதற்குச் செலவு செய்துகொள்ளும் சுதந்திரத்தோடு கொடுக்க ஆரம்பித்தது. அமெரிக்கக் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் 2020-லிருந்து 2,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளுக்கு நிபந்தனை இல்லாமல் கொடுத்து வருகிறார். உங்களில் பலர் அவ்வளவு பெரியவர்கள் இல்லை என்பது தெரியும். ஐந்து வருட வாக்குறுதிக்குப் பெரிய தொகை வேண்டியதில்லை. பத்து அமைப்புகளுக்கு ஒவ்வோர் ஆண்டாகக் கொடுப்பதைவிட, இரண்டு அமைப்புகளோடு ஐந்தாண்டு நில்லுங்கள். அதனால் விடுபடுகிற எட்டு அமைப்புகளில் நாங்களும் ஒன்றாக இருக்கலாம்; தெரிந்துதான் சொல்கிறேன்.

தோல்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் அறிக்கைகளில் எல்லாமே வெற்றியாக இருக்கும். வெற்றி இல்லாவிட்டால் அடுத்த தவணை வராது என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான். கேட்ஸ் அறக்கட்டளை, உயர்நிலைப் பள்ளிகளைச் சிறியவையாக மாற்றினால் கல்வி மேம்படும் என்று நம்பிக் கோடிக்கணக்கில் செலவு செய்தது. 2009-ல் பில் கேட்ஸ் தன் ஆண்டு மடலில், அந்தப் பள்ளிகளில் பலவற்றில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். கொடுப்பவர் அப்படி எழுத முடிகிறது. பெறுகிற நாங்கள் எழுத முடிவதில்லை. ‘இந்த ஆண்டு எது வேலைக்கு ஆகவில்லை, ஏன்?’ என்று ஒரு கேள்வியைப் படிவத்தில் சேருங்கள். அதற்கு உண்மையாகப் பதில் எழுதியவருக்கு நிதி குறையாது என்று கீழே ஒரு வரியும் சேருங்கள். எங்கள் அலமாரியில் கிடக்கும் பாதிப் பாடம் உங்கள் மேசைக்கு வந்துவிடும்.

கடைசியாக, விலகும் விதம். என்றாவது ஒருநாள் நீங்கள் விலகத்தான் வேண்டும், அது தவறில்லை. அமெரிக்க வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் இதை அழகாகச் செய்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளே சரியாக இல்லாத காலத்தில், 1932-க்குள் சுமார் 5,000 பள்ளிகள் எழ அவர் உதவினார். முழுப் பணத்தையும் அவர் கொடுக்கவில்லை. அரசும் போட வேண்டும், ஊர்க்காரர்களும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழை மக்களான அவர்கள் காசாகவும் மரமாகவும் நிலமாகவும் உழைப்பாகவும் சேர்த்துக் கொடுத்தது, ரோசன்வால்ட் கொடுத்ததைவிடச் சற்று அதிகம். அதனால் பள்ளி அவர்களுடையதாக இருந்தது. தான் இறந்து 25 ஆண்டுக்குள் நிதி முழுவதும் செலவாகிவிட வேண்டும் என்றும் அவர் எழுதிவைத்திருந்தார். 1948-ல் அது கணக்கை முடித்துக்கொண்டது. கேட்ஸ் அறக்கட்டளையும் 2045 டிசம்பர் 31 அன்று மூடப்படும் என்று 2025 மே மாதமே அறிவித்துவிட்டது.

இதே 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளைத் திடீரென நிறுத்தி வைத்தது. பல நாடுகளில் சமூக சுகாதாரப் பணியாளர்கள் அன்றே வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்கள் ஒவ்வொருவரின் பையிலும் பாதியில் நின்ற வீடுகளின் பட்டியல் ஒன்று இருந்திருக்கும். எனக்கு அந்தப் பட்டியல் எப்படி இருக்கும் என்று தெரியும். அரசுகள் விட்ட இடத்தை நிரப்பச் சொல்லி இப்போது உங்களை எல்லோரும் கேட்கிறார்கள். உங்களால் முழுவதையும் நிரப்ப முடியாது, யாரும் அப்படி எதிர்பார்க்கவும் இல்லை. நீங்கள் வருகிற இடத்திலாவது அப்படிப் போய்விடாதீர்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் புதுத் திட்டங்களைப் பார்ப்பதற்கு முன், இப்போது நடக்கிற திட்டங்களில் எவை இந்த ஆண்டோடு முடிகின்றன என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். நீட்டிக்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே எழுதுங்கள். நீட்டிக்கப் போவதில்லை என்றாலும் இப்போதே எழுதுங்கள். குறைந்தது ஒரு வருடம் முன்னால். ஊர்க்காரர்களோடும் அரசு மருத்துவமனையோடும் பள்ளியோடும் பேசி, பாதியில் நிற்கிற வீடுகளை யாரிடம் ஒப்படைப்பது என்று பார்க்க எங்களுக்கு அந்த ஒரு வருடம் வேண்டும். அந்த வருடத்துக்கான களப்பணியாளர் சம்பளத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ‘அடுத்த வாரம் யாரு வருவாங்க?’ என்று கேட்கிறவரிடம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வர வேண்டும் எங்களுக்கு.

அன்புடன்,
உங்களிடம் நிதி பெற்றுக் களத்தில் வேலை செய்த ஒருத்தி